ஊசிக்கு இரண்டு கண்: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் நாற்பது நாட்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்மணி 40ஆம் நாள் எந்த நிலையில் எங்களிடம் கொண்டுவரப்பட்டார் என்பதையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் எதையும் மாற்றவில்லை. நடந்த தவறுகளில் எங்கள் பங்கும் உண்டு, என் கை செய்ததும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தப் பதிவால் யாருக்கும் பயன் இராது.

பின்னணி

2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கு வயது 43, உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. உடல் நிறைக் குறியீடு 42.7. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 9.1. இரவில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று விழித்துக்கொள்வதும் இருந்தன. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாது. வீட்டின் முன்னறையில் தையற்கடை நடத்துகிறார். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை. கணவர் வளைகுடாவில் எலக்ட்ரீசியன். வீட்டில் மாமியாரும் 11ஆம் வகுப்பு படிக்கும் மகளும் இருந்தனர். கணவரின் தம்பி குடும்பம் பக்கத்து வீட்டில்.

அவர் சும்மா இருந்துவிட்டவர் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரவுச் சோற்றை நிறுத்தினார், மரச்சீனிக் கிழங்கைக் (மரவள்ளி) கைவிட்டார், காலையில் ஆற்றங்கரை வரை நடந்தார். ஆறு கிலோ குறைந்து, முழங்கால் வலி கூடி நடை நின்றதும் எட்டு கிலோ ஏறியது. இப்படி மூன்று முறை நடந்தது. "தின்னாம இருந்தா மெலியாதா" என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, திருமண வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தார். இந்த அளவு உடற்பருமன் மனவுறுதிக் குறைவால் வருவதில்லை. எடை குறையும்போது பசியைக் கூட்டி, ஆற்றல் செலவைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்ப உடல் பாடுபடுகிறது. அறுவை சிகிச்சை என்ற வழி இருப்பதே அதனால்தான்.

எங்கள் பகுதியின் ஓர் இயல்பையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்தது அதைச் சார்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டு நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் போவது தாத்தா பாட்டி காலத்து வழக்கமாகவே நீடிக்கிறது. நாகர்கோவிலைவிட அது பலருக்குப் பழகிய ஊர். மலையாளம் காதில் விழுந்தால் எல்லாருக்கும் புரியும், தேவைப்பட்டால் பேசவும் செய்வார்கள். ஆனால் தமிழில் படித்த பெரும்பாலோருக்கு மலையாள எழுத்து வாசிக்கத் தெரியாது.

அறுவை சிகிச்சையைத் தேர்ந்த விதம்

மார்ச் மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆலோசனை பெற்றார். போகும்போது "கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்" என்றே நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் கொழுப்பை யாரும் வெட்டி எடுப்பதில்லை. மாற்றப்படுவது இரைப்பையும் குடலும்.

அவர் முன் இரண்டு வகைகள் வைக்கப்பட்டன. முதலாவது ஸ்லீவ்: இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிய முக்கால் பங்குக்கும் மேலான பகுதியை ஸ்டேப்ளரால் வெட்டி நீக்கி, மீதியை ஒரு குழாய்போல ஆக்குவது. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி குறையும். வெட்டியதைத் திரும்ப வைக்க வழியில்லை. இரண்டாவது பைபாஸ்: இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டிய இடத்தோடு இணைப்பது. சர்க்கரை நோயும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்களுக்குப் பைபாஸ் கூடுதல் பலன் தரும். ஆனால் இரும்பு, கால்சியம், பி12 ஆகியவை உடலில் சேர்வது அதில் கூடுதலாகக் குறையும்.

ஆபத்துகளை மருத்துவர் மறைக்கவில்லை. தையல் கோட்டில் கசிவு நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வரலாம். இரத்தக்கசிவு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போதல், குழாயில் குறுக்கம், விரைவாக மெலிவதால் பித்தக்கல், முடி உதிர்தல், தொங்கும் தோல், சில ஆண்டுகளில் எடை ஓரளவு திரும்புதல் எல்லாம் சொல்லப்பட்டன. அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில் என்பதும் சொல்லப்பட்டது. அவர் மனத்தில் பதிந்தவை இரண்டுதான்: கசிவு, உயிரிழப்பு. மற்றவை ஒப்புதல் படிவத்தின் வரிகளாகவே நின்றுவிட்டன.

அவர் ஸ்லீவைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். பைபாஸுக்கு 60,000 ரூபாய் கூடுதல். மற்றொன்று, "ஸ்லீவ் செய்தால் சத்துக்குறைவு பெரிதாக வராது" என்று அவர் புரிந்துகொண்டது. பொதுவாகப் பார்த்தால் அதில் தவறில்லை. குடல் தொடப்படாததால் உண்பது சேரும். ஆனால் உண்பது உள்ளே நிற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

செலவு

இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்களிடம் கேட்க வருவோர் முதலில் கேட்பதும் இதைத்தான், தவறாகக் கணக்கிடுவதும் இதைத்தான்.

இரைப்பை உள்நோக்கி (எண்டோஸ்கோபி), வயிற்று ஸ்கேன், இதயப் பரிசோதனை, உறக்கப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்து 28,000 ரூபாய். அறுவை சிகிச்சைக்கு மொத்தக் கட்டணமாக 3,40,000 ரூபாய். கணவர் 14 மாதங்களுக்கு முன் எடுத்திருந்த குடும்ப மருத்துவக் காப்பீட்டை நம்பியிருந்தனர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்தடை, இதயத் தமனி நோய் போன்றவை இருந்து, எளிய முறைகள் பலிக்காமல் போயிருந்தாலோ, இந்த அறுவை சிகிச்சையை எடைக் குறைப்பு என்ற பெயரில் தள்ளிவிட முடியாது. அந்த அளவுகோலில் அவர் தேறினார். ஆனால் அந்தப் பாலிசியில் உடற்பருமன் சிகிச்சைக்கு மூன்று ஆண்டுக் காத்திருப்புக் காலம் இருந்தது. விண்ணப்பம் திரும்பியது. எந்த நோய்க்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பாலிசியின் பின்பக்கங்களில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இல்லை.

நகையை அடகு வைத்தும், குடும்பத்தின் ரப்பர் தோட்டத்தை மூன்று ஆண்டு பால் வெட்டுக்குக் குத்தகைக்கு விட்டும் பணம் திரட்டினர். திரட்டிய தொகை கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. சிக்கல் வந்தால் என்று ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை, ஒதுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

அறுவை சிகிச்சையும் முதல் 18 நாட்களும்

ஈரலின் பருமனைக் குறைக்க இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுத்து, 2023 அக்டோபர் 9 அன்று நுண்துளை முறையில் ஸ்லீவ் செய்தனர். அன்று மாலையே நடக்க வைத்தனர். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். சர்க்கரை மாத்திரைகள் நிறுத்தப்பட்டிருந்தன. அளவு நூறைச் சுற்றியே நின்றது. இரண்டு வாரம் திரவ உணவு: வடித்த கஞ்சித்தண்ணீர், இளநீர், மோர், புரதப் பொடி. புரதப் பொடியின் மணம் பிடிக்காமல் நான்காம் நாளே அதை நிறுத்திவிட்டார். சத்து மாத்திரை எடுத்துவந்தார்.

19ஆம் நாள் முதல்

குழைந்த உணவுக்கு மாறிய 19ஆம் நாள் வாந்தி தொடங்கியது. முதலில் கஞ்சிக்கு மட்டும்; பிறகு மோருக்கும்; நான்காவது வாரம் தண்ணீரைக்கூட மடக்கு மடக்காக விழுங்கினால்தான் உள்ளே நின்றது. மாத்திரைகள் வாந்தியோடு வருவதால் அவற்றை விட்டுவிட்டார். கொழுந்தன் அறுவை செய்த மருத்துவமனைக்கு இருமுறை தொலைபேசியில் பேசினார். மெதுவாகச் சாப்பிடச் சொல்லுங்கள், சிலருக்குத் தொடக்கத்தில் இப்படி இருக்கும் என்று பதில் வந்தது. பேசியவர் மருத்துவர் அல்லர். எத்தனை நாளாக வாந்தி என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. இந்தப் பக்கமும் சொல்லவில்லை.

மாமியாருக்கு மட்டும் பயம். "மக்களே, வாய்க்குள்ள போறதெல்லாம் வெளிய வருதே, இது நல்லதுக்கில்ல" என்று நாள்தோறும் சொல்லியிருக்கிறார். எடை வேகமாகக் குறைவதைக் கண்ட மற்றவர்கள், ஆபரேஷன் நன்றாக வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொண்டனர். கிறிஸ்துமஸ் தையல் வேறு குவிந்திருந்தது. எங்கள் பகுதியில் தையற்காரருக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான். ஆகவே அவரும் எந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்.

31ஆம் நாள் எங்களிடம் வந்தார். நாடித்துடிப்பு 108, இரத்த அழுத்தம் 100/70, நாக்கு வறண்டிருந்தது, சர்க்கரை 82. உணவின்றிச் சோர்ந்தவருக்கு வழக்கமாகச் செய்வதையே பணி மருத்துவர் எழுதினார்: குளுக்கோஸ் கலந்த உப்புநீர் இரண்டு பாட்டில், வாந்தி நிற்க ஊசி. பாட்டிலை மாட்டியது நான். மாலையில் முகம் தெளிந்து, "இப்ப தேவல சிஸ்டர்" என்று சொல்லிப் போனார். 36ஆம் நாள் மீண்டும் வந்தார்; மீண்டும் இரண்டு பாட்டில். இரண்டு முறையும் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கவில்லை. இரண்டு முறையும் அறுவை செய்த மருத்துவமனையின் கோப்பை நான் கேட்கவில்லை.

40ஆம் நாள்

நவம்பர் 18 காலை, அவசரமாகத் தர வேண்டிய ஓர் உடுப்புக்குக் கை மடிக்க உட்கார்ந்தவர், ஊசியில் நூல் கோக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளாக ஊசியைப் பாராமலே நூல் கோத்த கை அது. "ஊசிக்கு ரெண்டு கண்ணு தெரியுது, எதுல கோக்க" என்று கேட்டாராம். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார், கால்களை அகல வைத்து.

அன்று பணியில் இருந்தவர் விடுப்புக்கு மாற்றாக வந்திருந்த இளம் மருத்துவர். கண்ணால் தம் விரலைத் தொடரச் சொன்னார். விழிகள் ஓரங்களுக்கு முழுதாகப் போகவில்லை, போன இடத்தில் துடித்தன. குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னபோது இரண்டாம் அடியிலேயே சரிந்தார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துவிட்டு, அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாளா என்று இருமுறை கேட்டார். மருத்துவர் என்னிடம் திரும்பி, "இவங்களுக்கு பி1 போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மூன்று வாரமாக வாந்தி, விழி அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம், மனக்குழப்பம். இவை சேர்ந்தால் அது தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளை பாதிப்பு என்றே கொண்டு உடனே மருந்து தொடங்க வேண்டும், ஸ்கேனுக்கோ இரத்த முடிவுக்கோ காத்திருக்கக் கூடாது என்றார். விழி, நடை, மனம் ஆகிய மூன்றின் அறிகுறிகளும் ஒருங்கே காண்பது சிறுபான்மையினரிடம்தான். ஒன்றிரண்டு இருந்தாலே சந்தேகிக்க வேண்டும் என்றும் சொன்னார். தயமின் எங்களிடம் இருப்பில்லை. கொழுந்தன் இருசக்கர வண்டியில் மார்த்தாண்டம் போய் 100 மி.கி. ஆம்ப்யூல் ஐந்து வாங்கிவந்தார். விலை 500 ரூபாய்க்கும் குறைவு. 500 மி.கி. தயமினைக் குளுக்கோஸ் இல்லாத உப்புநீரில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றினோம்.

அடுத்து எங்கே அனுப்புவது என்ற கேள்வி. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் செலவு இராது. ஆனால் வாந்தியின் காரணம் அறுத்த இடத்தில் இருக்கலாம் என்பதால், அறுத்தவரே பார்ப்பது நல்லது என்று முடிவாகித் திருவனந்தபுரத்துக்கே அனுப்பினோம்.

அனுப்புவதற்காகக் கோப்பை அடுக்கியபோதுதான் வீடு திரும்பும் நாளில் கொடுத்த அறிவுரைத் தாளை முதல் முறையாகப் பார்த்தேன். முழுதும் மலையாளத்தில் அச்சாகியிருந்தது. நான் செவிலியர் படிப்பைத் திருவனந்தபுரத்தில் படித்தவள். எனக்கு அது வாசிக்கத் தெரியும். கட்டம் கட்டிய ஒரு வரியில், வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அந்த வரி தெரியாது. 31ஆம் நாள் நான் அந்தத் தாளைக் கேட்டிருந்தால் ஒன்பது நாள் மிஞ்சியிருக்கும்.

உடலுக்குள் நடந்தது

தயமின் எனப்படும் பி1 உடலில் 30 மி.கி. அளவிலேயே சேமிப்பில் இருக்கும். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மூளை தன் எரிபொருளான சர்க்கரையை எரிக்க அது இன்றியமையாதது. தயமின் தீர்ந்த உடலில் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதை எரிப்பதில் செலவாகி, மூளையின் நடுப்பகுதி பட்டினியில் விழும். உதவி என்று நாங்கள் கொடுத்த நான்கு பாட்டில்களும் கேட்டை விரைவுபடுத்தியிருக்கக் கூடும். வாந்தியே தனியாகவும் அங்கே கொண்டுபோயிருக்கும் என்பது உண்மை. அது எங்கள் பொறுப்பைக் குறைக்காது.

புழுங்கலரிசி உண்ணும் ஊரில் இந்தக் குறைபாட்டை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால் முடங்குவதை 1890களில் ஜாவாவில் கண்ட எய்க்மேனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சிக்காகத்தான். இந்தப் பெண்மணி வாழ்நாளெல்லாம் சம்பா அரிசிச் சோறு உண்டவர். ஆனால் வாந்தி தொடங்கிய பின் மூன்று வாரத்தில் அவர் வயிற்றில் தங்கியது பெரும்பாலும் சில மடக்கு நீரும் இளநீரும்தான்.

மருத்துவமனையில்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் நடுப்பகுதியில் இருபுறமும் ஒத்த மாற்றம் தெரிந்தது. பொட்டாசியம் 2.9, மக்னீசியமும் குறைவு. மக்னீசியம் குறைந்திருந்தால் தயமின் சரியாக வேலை செய்யாது என்பதால் அதையும் ஏற்றினர். தயமின் நாளுக்கு மூன்று வேளை நரம்பு வழியாகத் தொடர்ந்தது. உள்நோக்கியில், குழாயாக்கப்பட்ட இரைப்பை வளையும் இடத்தில் குறுக்கம் இருப்பது தெரிந்தது. பலூன் வைத்து ஒரு முறை விரித்து, மூன்று வாரம் கழித்து மறுமுறையும் விரித்தனர். மறு அறுவை தேவைப்படவில்லை. வாந்தி நின்றது. இரட்டைப் பார்வை நான்காம் நாள் சரியானது. 11 நாள் இருந்தார்.

கட்டணம் 1,62,000 ரூபாய். கணவர் வேலை செய்யும் இடத்தில் முன்பணம் வாங்கி அனுப்பினார். முதல் ஆண்டில் சத்து மாத்திரைகளுக்கு மாதம் 1,800 ரூபாய் வீதம் 21,600, பரிசோதனைகளுக்கும் பயணத்துக்கும் 32,000. ஆக மொத்தம் 5,83,600 ரூபாய். 3,40,000 என்று தொடங்கிய கணக்கு அது.

பதினெட்டு மாதங்களில்

2025 ஏப்ரலில் அவர் எடை 71 கிலோ. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1, ஒரே மாத்திரையில். குறட்டை இல்லை. மாடிப்படி ஏறுகிறார். நான்காம் மாதம் கொத்தாக உதிர்ந்த முடி ஓராண்டில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. பி12, இரும்பு, வைட்டமின் டி அளவுகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். இரும்பு ஒரு முறை குறைந்து சரியாக்கப்பட்டது. அறுவை சிகிச்சை அவருக்குத் தர வேண்டிய நன்மையைத் தந்திருக்கிறது என்பதை ஐயமின்றிச் சொல்வேன். இதை எழுதுவது அதற்கு எதிராக அன்று.

நடை முழுதாகத் திரும்பவில்லை. பாதங்களில் மதமதப்பு நீடிக்கிறது. பகலில் வேறுபாடு தெரியாது. இருட்டில் எழுந்தால் சுவரைத் தொட்டே நடக்கிறார்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவையின்போது ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்தபோது, எங்களைத் தேடி வந்து கேட்டவர்கள் பலர். எல்லாக் கேள்வியும் அறுவை அரங்கைப் பற்றியே இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் பார்த்த ஆபத்து, தையல் ஆறி, உறவினர் பார்த்துவிட்டுப் போன பின், வீட்டில் வந்தது.

நாங்கள் மாற்றியவை

எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர் எத்தனை மாதம் கழித்து வந்தாலும், வாந்தி என்றால் முதலில் தயமின், பிறகே குளுக்கோஸ். இதைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலும் மருந்து அறைக் கதவிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். வாந்தி எந்தத் தேதியில் தொடங்கியது, அறுவைக்கு முன் எடை என்ன, இன்று என்ன என்ற மூன்றையும் கேட்டுக் குறிக்கிறோம்; 31ஆம் நாள் அவரை எடை பார்த்திருந்தால், மாதத்துக்குள் அத்தனை எடை போயிருப்பதே எங்களை நிறுத்தியிருக்கும். தண்ணீர் தங்காதவரை அன்றே அறுவை மருத்துவரோடு பேசி அனுப்புகிறோம். பேச வேண்டியது எங்கள் மருத்துவர், குடும்பத்தினர் அல்லர்.

எல்லை தாண்டி எந்த மருத்துவமனையிலிருந்து வந்தவராயினும் அறிவுரைத் தாளைக் கேட்டு வாங்கி, உடனிருப்பவர் முன் நான் தமிழில் வாசித்துச் சொல்கிறேன். முக்கியமான வரிகளை அதே தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அறுவை செய்த மருத்துவமனைக்கும் எழுதினோம். அடுத்த ஆண்டு முதல் அவர்கள் தாள் தமிழிலும் வருகிறது. செலவு கேட்போரிடம், கட்டணத்தில் பாதியளவாவது தனியே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள் என்கிறோம். பாலிசியைக் கொண்டுவரச் சொல்லிக் காத்திருப்புக் காலத்தை முதலில் பார்க்கிறோம். அப்படிப் பார்த்ததில் ஒருவர் ஓராண்டு தள்ளிவைத்துக் காத்திருக்கிறார்.

தயமின் ஆம்ப்யூல் இப்போது எங்கள் அவசரத் தட்டில் எப்போதும் பத்து இருக்கும். மாதத்தின் முதல் நாள் காலாவதித் தேதியைப் பார்த்து எண்ணி வைப்பது என் வேலை.